நெய்தலுக்கு என்ன நிறம்?

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் அச்சு வடிவம்)

வானொலியில் நிறத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சலான காரியந்தான். நேயர்கள் எனக்குக் காதை மாத்திரமே தந்திருக்கிறார்கள். இதனைப் பத்திரிகையில் வாசிப்போருக்கும் நிலைமை பெரிதாக மாறப்போவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் சற்றே பழுப்பேறிய தாளில் கறுப்பு மை. ஆனால் நம்முடைய இலக்கியம் காலங்காலமாக இந்த நிலையில் நின்றுகொண்டே நிறத்தைச் சொல்லி வந்திருக்கிறது. ஏட்டில் நிறம் இல்லை. சொல்லில் மட்டுமே உண்டு. பிரிந்திருக்கும் தலைவியின் மேனியில் பசலை படர்ந்தது என்று புலவர் சொன்னார், கேட்டவர் மனத்தில் கண்டார். அந்தப் பசலை மஞ்சளா, பொன்னா, பச்சை கலந்த வெளுப்பா என்று ஒரு வகுப்பறையில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு விடை வரும்.

சொல்லுக்கு அந்தத் தாராளம் உண்டு. திருமாலை ஒருவர் நீலவண்ணன் என்பார், இன்னொருவர் கார்வண்ணன் என்பார், மூன்றாமவர் பச்சை மேனியன் என்பார். மூவரும் ஒருவரையே சொல்லுகிறார்கள், மூவரோடும் நமக்குச் சண்டையில்லை. பச்சை என்ற சொல்லோ இன்னும் பொல்லாதது. பச்சை மீன், பச்சைத் தண்ணீர், பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய்: இவற்றில் எதுவும் நிறத்தால் பச்சையானதல்ல.

துறைமுகத்திலே இந்தத் தாராளம் செல்லாது. கடலிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடக்கைப் பக்கத்து அடையாளம் சிவப்பு, வலக்கைப் பக்கத்து அடையாளம் பச்சை. மிதவைகளைப் பற்றிய சர்வதேச ஏற்பாடு உலகத்தை இரண்டு வலயங்களாகப் பிரித்திருக்கிறது. நாமும் இந்தியாவும் ஐரோப்பாவும் 'ஏ' வலயத்தில் இருக்கிறோம். அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பானிலும் இது தலைகீழ். கலங்களுக்கும் நிறம் உண்டு. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி இரவில் ஓடும் கலத்தின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியவேண்டும். இருட்டில் சிவப்பு மட்டும் தெரிந்தால் நீங்கள் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் ஒருங்கே தெரிந்தால் அது நேரே உங்களை நோக்கி வருகிறது. இவ்விடத்தில் பச்சை எது என்பதற்கு ஆளுக்கொரு விடை இருக்கமுடியாது.

சொல்லின் தாராளத்துக்கும் விளக்கின் கண்டிப்புக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று உண்டு, அது எண். நிறத்தை எண்ணாக எழுதிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இணையப் பக்கங்களின் வழியாக வந்தது. உட்துறைமுக வீதிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் மிக எளிய பக்கங்களை அமைக்கக் காட்டிக்கொடுத்து வந்தேன். ஒரு தலைப்பு, இரண்டு பந்தி, ஒரு பின்னணி நிறம், அவ்வளவுதான். அவர்களோடு சேர்ந்து நிறத்தின் இலக்கணத்தை நானும் படித்தேன்.

ஓர் இணையப் பக்கத்தில் எந்த நிறமும் மூன்று எண்கள்தாம்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 128 என்றால் நடுத்தரச் சாம்பல். இப்படி எழுதக்கூடிய நிறங்கள் மொத்தம் 1,67,77,216. வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இத்தனை நிறமும் இலவசம். எண்ணை மாற்றினால் நிறம் மாறுகிறது, பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றலாம், தாளும் வீணாவதில்லை. நிறத்தைப் படிப்பதற்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் வியப்பு மஞ்சளிலே வந்தது. சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0 என்று எழுதினால் திரை மஞ்சளாகிறது. தகப்பனோடு சேர்ந்து வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்துப் பழகிய பிள்ளைகள் இதை ஒப்பவே மாட்டார்கள். அவர்கள் அனுபவத்தில் சிவப்புப் பெயின்றையும் பச்சைப் பெயின்றையும் ஒரே பேணியில் ஊற்றிக் கலக்கினால் வருவது சேற்று நிறம். இரண்டும் உண்மையே. பெயின்ற் தன்மேல் விழும் வெள்ளை ஒளியிலிருந்து ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பெயின்றைக் கலந்தால் இரண்டு பேர் விழுங்குகிறார்கள், மீதி குறைகிறது, நிறம் இருள்கிறது. திரையோ தானே ஒளி விடுவது. அங்கே ஒளியோடு ஒளி சேருகிறது, ஆகவே நிறம் வெளிறிக்கொண்டு போய்க் கடைசியில் வெள்ளையாகிறது. நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை: கைத்தொலைபேசித் திரையில் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் ஊடாகப் பாருங்கள். சொட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியாக வேலை செய்யும். வெள்ளையைக் காணமாட்டீர்கள், சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளைக் காண்பீர்கள்.

இது கணினிக்காரர் கண்டுபிடித்த வித்தையல்ல. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி, கோடுபோட்ட ஸ்கொட்லாந்து ரிப்பன் ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளூடாக மூன்று முறை படம் பிடிக்கச் செய்து, மூன்றையும் அதே நிற ஒளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்திக் காட்டினார். நிறப் புகைப்படமும் தொலைக்காட்சியும் இணையப் பக்கமும் அந்த ரிப்பனின் பேரப்பிள்ளைகள்.

பெயின்றின் வெள்ளையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருமலைக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் புல்மோட்டைக் கரையில் கிடப்பது கறுப்பு மணல். அதிலுள்ள இல்மனைற் என்ற கனியத்தைப் பிரித்து நெடுங்காலமாக ஏற்றுமதி செய்து வருகிறார்கள். அதிலிருந்துதான் தைத்தேனியம் டைஒக்சைட் எடுக்கிறார்கள். உலகத்தில் வெள்ளைப் பெயின்றுக்கும் பளிச்சென்ற வெள்ளைத் தாளுக்கும் பற்பசைக்குங்கூட வெண்மை கொடுப்பது அந்தத் தூள். திரையில் எல்லா ஒளியும் சேர்ந்து வெள்ளையாகிறது. நமது மாவட்டத்திலோ கறுப்பு மணல் கப்பலேறிப் போய் வெள்ளையாகிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் மக்ஸ்வெலை மறந்துவிட்டார்கள்.

கடலுக்கு வருவோம். வெள்ளை ஒளி கடலுக்குள் இறங்கும்போது தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. அப்படியானால் வெள்ளையின் எண்ணிலிருந்து சிவப்பை எடுத்துப் பார்ப்போம்: 0, 255, 255. திரையில் வருவது நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிர் நிறம். நிலாவெளியில் வெண்மணலுக்கு மேல் முழங்காலளவு தண்ணீரில் தெரியும் நிறத்துக்கு அது தூரத்து உறவு. இணையப் பக்கங்களுக்குத் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட நிறப் பெயர்கள் பதினாறு. இந்த நிறத்துக்கு அவற்றில் கிடைத்த பெயர் 'அக்குவா', லத்தீன் மொழியில் தண்ணீர். ஆழம் கூடக்கூடப் பச்சையும் குறைந்து நீலம் மிஞ்சும். துறைமுகத்தின் உட்பகுதி அவ்வளவு கருநீலமாக இருப்பதற்கு அதன் ஆழமும் ஒரு காரணம். மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் கலங்கிவிடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அந்தப் பதினாறு பெயர்களில் இன்னொன்று 'நேவி': 0, 0, 128. பிரித்தானியக் கடற்படையின் சீருடை நிறத்தால் வந்த பெயர். 1957இல் கையளிக்கப்படும்வரை அந்தக் கடற்படையின் தளம் இந்தத் துறைமுகத்தில் இருந்தது. ஆக, எங்கள் துறைமுகத்தில் நடமாடிய நிறமொன்று உலகமெங்கும் இணையப் பக்கங்களில் ஏறியிருக்கிறது, அவர்களுடைய பெயரில்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விடயம். எண் நிறத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறது என்று நினைத்திருந்தோருக்கு அடுத்த பாடம் அதிர்ச்சியானது. ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி சிவப்பு, மறுபாதி பச்சை. இரண்டின் நடுவிலும் 128, 128, 128 என்ற அதே சாம்பலில் ஒவ்வொரு சிறு சதுரம். சிவப்பின் நடுவிலுள்ள சாம்பல் சற்றே பச்சைப் பக்கம் சாய்ந்து தெரியும். பச்சையின் நடுவிலுள்ளது சற்றே செம்மை காட்டும். எண் மாறவில்லை, கண் மாறவில்லை, அயல்தான் மாறியிருக்கிறது.

பாரிசிலே கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பேற்றவர் ஷெவ்ரல் என்ற இரசாயன அறிஞர். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. இரசாயனத்தில் தேடியவருக்கு விடை கண்ணில் கிடைத்தது. 1839இல் இதை ஒரு பெரிய நூலாக எழுதினார். 102 வயதுவரை வாழ்ந்த மனிதர், ஓவியர் பலருக்கு ஆசானாகிவிட்டார். நமது கோயில் மதில்களில் காவிப் பட்டைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புப் பட்டை தீட்டிய பெரியவர்களுக்கு இந்தச் சங்கதி நூல் படிக்காமலே தெரிந்திருக்கிறது. தனிச் சுண்ணாம்புச் சுவர் இத்தனை வெள்ளையாகத் தெரிவதில்லை. சுவாமி மலையில் இராவணன் வெட்டுக்கருகில் நின்று கீழே பாருங்கள். கரும்பாறையை ஒட்டிய தண்ணீரும் அப்பால் திறந்த கடலும் இரண்டு கடல்போலத் தெரியும். இரண்டு கைகளையும் குழாய்போலக் குவித்துப் பாறையை மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்த வேற்றுமையில் பாதி போய்விடும்.

நிறம் என்பது தனியாள் அல்ல, உறவு என்று இதைச் சொல்லலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள உறவே ஒரு பக்கத்தை வாசிக்க விடுகிறது, அல்லது விடாமல் தடுக்கிறது. இந்த உறவையும் அளக்க வழி உண்டு. கண்ணுக்கு எல்லா நிறமும் ஒரே வெளிச்சமல்ல. வெள்ளையின் வெளிச்சத்தில் ஏறத்தாழ 72 வீதம் பச்சையால் வருகிறது, 21 வீதம் சிவப்பால், வெறும் 7 வீதம் நீலத்தால். இதைக்கொண்டு இரு நிறங்களின் வெளிச்ச விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் 21க்கு 1, அதுவே உச்சம். வெள்ளையில் மஞ்சள் 1.07க்கு 1, எழுதியும் எழுதாததுபோல. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 ஆவது வேண்டுமென்று 2008இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது.

தமிழெழுத்துக்கு இது இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். நம் எழுத்தில் புள்ளி என்று ஒன்று இருக்கிறது, மிகச் சிறியது. நிறம் மங்கினால் முதலில் மறைவது அதுதான். 'கல்' என்பதில் புள்ளி போனால் 'கல' ஆகிவிடும். கிடந்த பொருள் ஏவல் வினையாக எழுந்துவிடும்.

நான் சொல்லவந்த சம்பவம் இதனோடு சேர்ந்தது. பிள்ளைகளில் ஒருவன் கடல் நிலைமையைச் சொல்லும் பக்கமொன்றைச் செய்தான். வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்கு விடுக்கும் அறிவித்தல்களைப் பார்த்து, அன்றன்றைக்குப் போகலாம், போகவேண்டாம் என்று தகப்பனுக்குப் புரியும்படி இரண்டு வரி எழுதுவான். பக்கம் முழுவதும் பச்சை, அதன்மேல் எச்சரிக்கை சிவப்பு எழுத்தில். சிவப்பு அபாயம், பச்சை கடல் என்பது அவன் கற்பனை. எங்கள் மேசையில் வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்றுதான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது விகிதம் 1.28க்கு 1 என்று வந்தது. நிறம் இரண்டும் சண்டை போடுகின்றன, ஆனால் வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணக்கை அவன் பெரிதாக எடுக்கவில்லை. தகப்பனிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் திரையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதில எழுத்து எங்கடா தம்பி இருக்கு?"

"சிவப்பில இருக்கே, அப்பா."

"எனக்கு ஒரே மாதிரித்தான் கிடக்கு."

மகன் முதலில் வெயிலின் குற்றம் என்று நினைத்தான். நிழலுக்குக் கொண்டுபோயும் பதில் மாறவில்லை. பல வருடங்களாக இந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரவில் தொழிலுக்குப் போய்வரும் மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே அரைகுறையாகத்தான் தெரியும். அப்படியானால் விளக்குகளை எப்படி அடையாளம் காண்கிறீர்கள் என்று நான் பின்னர் மரியாதையாகக் கேட்டேன். "நீங்க சிவப்பெண்டும் பச்சையெண்டும் சொல்லுறீங்க. நான் மின்னுறத எண்ணிப் பார்த்துத்தான் வாறன்" என்றார். வெளிச்சவீட்டுக்கும் ஒளிரும் மிதவைக்கும் தத்தமக்கென்று மின்னும் தாளம் உண்டு. அவர் அந்தத் தாளத்தைப் படித்து வைத்திருந்தார். ஆனால் எதிரே வரும் கலத்தின் விளக்கு மின்னுவதில்லை, நின்று எரிவது. அதை என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகன் கேட்டான். இப்போது அவர் இரவில் தனியே போவதில்லை. கண் தெளிந்த இளைஞன் ஒருவன் கூடப் போகிறான்.

இந்தக் குறை அபூர்வமானதல்ல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கு ஏதோவோர் அளவில் இது உண்டு என்கிறார்கள். ஆசியரிடையே விகிதம் குறைவு, பெண்களிடம் மிகக் குறைவு. சுவீடனில் 1875இல் நடந்த பெரிய புகையிரத விபத்தொன்றையடுத்து, ஹொல்ம்கிரேன் என்ற உடலியல் பேராசிரியர் நிறநிறமான கம்பளி நூல்களைக் கொடுத்துப் பொறுக்கச் சொல்லிப் புகையிரத ஊழியர்களைச் சோதித்தார். அதன்பின் புகையிரதத்திலும் கப்பலிலும் நிறப் பரீட்சை வழக்கமாயிற்று. கப்பலில் மாலுமியாகச் சேருவோருக்குப் பரீட்சை உண்டு. சிறுவள்ளத்தில் தகப்பன் வழியில் தொழிலுக்குப் போனவரை யார் சோதித்தார்கள்? நம்முடைய பக்கத்தை வாசிக்க வருபவரையோ நாம் சோதிக்க முடியாது, பக்கத்தைத்தான் சோதிக்கலாம்.

மிதவை அமைத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். சிவப்பு மிதவை பெரும்பாலும் தட்டையான தலையோடு பேணி வடிவத்தில் இருக்கும், பச்சை மிதவை கூம்பு வடிவத்தில். நிறம் தெரியாதவன் உருவத்தைப் பார்ப்பான். சமிக்ஞை விளக்கின் பச்சையில் சற்று நீலம் கலந்திருப்பதும் இப்படியானவர்களுக்காகவே. எங்கள் பையனும் அதையே செய்தான். பின்னணி வெள்ளை, எழுத்து கறுப்பு. அபாயம் என்றால் 176, 0, 0 என்ற அடர்சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தும் ஒரு முக்கோணமும்; போகலாம் என்றால் பச்சையை விட்டுவிட்டு நீலப் பட்டையும் ஒரு வட்டமும். சிவப்புப் பட்டையில் விகிதம் 7க்கு மேல் வருகிறது. உச்சி வெயிலில் திரைமேல் விழும் வெளிச்சம் கறுப்பையும் சாம்பலாக்கிவிடுமாதலால் கரிய பின்னணியை அவன் வேண்டாமென்று விட்டான். அழகில் முந்தியதே மேல் என்று சில பிள்ளைகள் இன்னமும் சொல்லுகிறார்கள். அதுவும் பொய்யில்லை.

கடைசியாக, இலக்கியத் தொடருக்குரிய ஒரு சிறு வழக்கு. இணையப் பக்கத்தின் நிறக் குறிப்புகளில் நாமே பெயர் வைத்துக்கொள்ள இப்போது வழியுண்டு, அந்தப் பெயர் தமிழெழுத்திலும் இருக்கலாம். பதினாறு அந்நியப் பெயர்களோடு பழகிச் சலித்த பிள்ளைகள் தங்களுக்கென ஒரு பட்டியல் தொடங்கினார்கள். மதிற்காவி, கருவாட்டுப் பழுப்பு, புல்மோட்டைக் கறுப்பு, மாரிக்கடல் என்று அது வளர்கிறது. நெய்தல் என்ற பெயரை நான் சேர்த்தேன். நெய்தற் பூவை நீலோற்பலத்தோடு வைத்து எண்ணுவதால் நான் கொடுத்தது 92, 88, 184. ஒரு பெண்பிள்ளை அது பூவின் நிறம், திணையின் நிறம் அல்ல என்கிறாள். நெய்தல் என்றால் கடலும் கடலைச் சார்ந்த நிலமும் அல்லவா, மணலும் உப்பும் அதில் வேண்டும் என்று 150, 170, 176 என எழுதி வைத்திருக்கிறாள். பட்டியலில் இப்போதைக்கு நெய்தல் ஒன்று, நெய்தல் இரண்டு என்று இரண்டும் இருக்கின்றன.